மருந்தடிக்க அடிக்கப் பூச்சி கூடுதே, ஏன்?

சென்ற இதழில் "ஒன்றையொன்று தின்னும் உயிர்களுக்கும் கணக்கு உண்டு" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடமில்லாததால் ஏழு கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்ற உயிரைப் பிடித்துத் தின்னும் உயிருக்குப் பாடப்புத்தகத்தில் "இரைகௌவி" என்று இருக்கும், நான் "தின்னி" என்றே எழுதப்போகிறேன், ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம்.

அரை ஏக்கரில் கோவாவும் போஞ்சியும் போட்டிருக்கிறேன். முன்பு பத்து நாளைக்கு ஒருக்கா மருந்தடித்தேன், இப்போது கிழமைக்கு ஒருக்கா அடிக்கிறேன், ஆனால் அழுக்கணவன் பூச்சி முன்பைவிடக் கூட. கடைக்காரர் இன்னும் பலமான மருந்து எடுக்கச் சொல்கிறார். உயர்தரம் படிக்கும் மகன் "இது கணக்கிலேயே இருக்கு அப்பா" என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி? (கந்தப்பளை)

மகன் சொல்வதுதான். சிரித்ததற்கு மட்டும் நீங்கள் இரண்டு வார்த்தை திட்டலாம்.

இந்தக் கதை தொடங்கியது மரக்கறித் தோட்டத்தில் இல்லை, மீன் சந்தையில். முதலாம் உலகப் போர் நடந்தபோது இத்தாலிக்குப் பக்கத்து ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி கிட்டத்தட்ட நின்றுபோனது. போருக்குப் பிறகு உம்பர்தோ டான்கோனா என்ற இளம் உயிரியலாளர் திரியெஸ்தே, ஃபியூமே, வெனிஸ் சந்தைக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார். ஃபியூமேயில் வந்த மீனில் சுறா, திருக்கை மாதிரியான தின்னி மீன்களின் பங்கு 1914இல் நூற்றுக்கு 11.9 ஆக இருந்தது, 1918இல் 36.4 ஆகிவிட்டது, மீன்பிடி பழையபடி சூடுபிடித்த பிறகு 1923இல் 10.7க்கு வந்துவிட்டது. வலை போடாவிட்டால் எல்லா மீனும் கூடும் என்பது சரி, அது ஏன் சுறாவுக்கு மட்டும் இவ்வளவு வாசியாக அமைந்தது? அவர் இதைக் கொண்டுபோய்க் கேட்டது தன் வருங்கால மாமனாரிடம். அந்த மாமனார்தான் வீட்டோ வோல்ட்டெரா, அப்போதே உலகப் பெயர் வாங்கிய கணிதக்காரர். விடை 1926இல் வந்தது. (பிறகு 1931இல் முசோலினி ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிப் பேராசிரியர் வேலையை இழந்தவரும் இதே மனிதர்தான். இதே சமன்பாடுகளை அமெரிக்காவில் ஆல்பிரட் லொட்காவும் தனியாகக் கண்டுபிடித்து 1925இலேயே புத்தகத்தில் போட்டுவிட்டார், யார் முதல் என்று கொஞ்சம் கடிதப் போக்குவரத்தும் நடந்தது.)

இனி உங்கள் கோவாவுக்கு வருவோம். ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் சாம்பல் பூசின மாதிரி அழுக்கணவன் அப்பிக்கொண்டிருக்கும். அதற்கு நடுவில் முதலை மாதிரி நீண்ட உடம்போடு, கறுப்பில் செம்மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டு ஒன்று ஊர்ந்தால் அதைப் பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள், அது பொறிவண்டின் குஞ்சு, அழுக்கணவனைத் தின்னும் தின்னி. தாய் வண்டு சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்டது, அதை எல்லோருக்கும் தெரியும், ஆனால் குஞ்சைத்தான் ஆளுக்கு ஆள் நசுக்குகிறோம். நானும் பல வருடம் நசுக்கியவன்.

கணக்கு இதுதான். எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை, உங்கள் தோட்டத்து எண்கள் இல்லை. தின்ன ஆள் இல்லாவிட்டால் பூச்சி கிழமைக்கு 0.6 வீதத்தில் (அதாவது நூற்றுக்கு 60 என்ற வேகத்தில்) பெருகும் என்று வைப்போம். ஒவ்வொரு வண்டும் அந்த வீதத்தில் 0.02 ஐ வெட்டும். அப்போது பூச்சி பெருகும் வீதம் 0.6 கழி 0.02 தடவை வண்டுகள். வண்டுப் பக்கம் தலைகீழ்: தீனி இல்லாவிட்டால் கிழமைக்கு 0.3 வீதத்தில் குறையும், ஒவ்வொரு பூச்சியும் 0.001 ஐக் கூட்டும். இரண்டும் அசையாமல் நிற்க வேண்டுமானால் வண்டு 30 (0.6 ஐ 0.02ஆல் பிரிக்க), பூச்சி 300 (0.3 ஐ 0.001ஆல் பிரிக்க). இதில் ஒரு விசயம் கவனியுங்கள், பூச்சி எத்தனை நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது வண்டின் எண்கள், வண்டு எத்தனை நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பூச்சியின் எண்கள். முழு வேடிக்கையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இப்போது மருந்து டேங்கை முதுகில் போடுங்கள். மருந்துக்கு வண்டும் பூச்சியும் ஒன்றுதான், இரண்டிலிருந்தும் கிழமைக்கு 0.2 வீதம் எடுக்கிறது. பூச்சியின் பெருக்கம் 0.6இலிருந்து 0.4 ஆகிறது, ஆகவே வண்டு 20. வண்டின் தேய்வு 0.3இலிருந்து 0.5 ஆகிறது, ஆகவே பூச்சி 500. முன்பு முந்நூறு, மருந்தடித்த பிறகு ஐந்நூறு! அளவைக் கூட்டி 0.5 எடுத்தால் வண்டு 5, பூச்சி 800. கடைக்காரரின் பலமான மருந்து என்பது 0.6ஐத் தாண்டுவது, அப்போதுதான் பூச்சியும் உண்மையிலேயே அழியத் தொடங்கும். ஆனால் அதற்கு முன்பே வண்டு முழுக்கப் போய்விடும், அதன் பிறகு ஒரு கிழமை மருந்து தவறினாலும் உங்கள் பக்கம் வேலை செய்ய ஒருவரும் இருக்க மாட்டார்கள், பூச்சி பக்கத்துத் தோட்டத்திலிருந்து காற்றோடு வந்துவிடும், மருந்துச் செலவு மட்டும் நிரந்தரமாகிவிடும்.

சந்தையில் நடந்ததும் இதேதான், திருப்பிப் போட்டால் சரி. வலை இரண்டையும் சேர்த்து அள்ளும்போது சின்ன மீனுக்கு வாசி, வலை நின்றால் சுறாவுக்கு வாசி.

இன்னொரு காரணமும் இருக்கலாம், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி பழகிப்போகும். உங்கள் தோட்டத்தில் எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க மகனிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். பத்துச் செடியில் நூல் கட்டி, கிழமைக்கு ஒருக்கா இலையின் கீழ்ப்பக்கத்தில் பூச்சியையும் வண்டையும் அதன் குஞ்சையும் எண்ணச் சொல்லுங்கள், நாலு வரப்பில் மருந்தை நிறுத்தி அதையும் தனியாக எண்ணட்டும். சிரித்ததற்கு அதுவே போதும்.

வண்டும் பூச்சியும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். அப்படியானால் 300, 30 என்ற புள்ளியில் அவை ஒருநாளும் நிற்காது. நிற்காத இடத்தை வைத்து எப்படிக் கணக்குப் பேசுகிறீர்கள்? (ஹட்டன், மாணவி)

நல்ல பிடி. பூச்சி ஏறும், அதைத் தின்று வண்டு ஏறும், வண்டு கூடிப் பூச்சி இறங்கும், தீனி இல்லாமல் வண்டு இறங்கும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. புள்ளியைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர உட்காராது.

ஆனால் ஒரு முழுச் சுற்றின் இடையை (சராசரியை) எடுத்துப் பார்த்தால் அது அந்தப் புள்ளியேதான். நிறுவல் மூன்று வரி. பூச்சியின் மாற்றத்தைப் பூச்சியின் எண்ணிக்கையால் பிரித்தால் 0.6 கழி 0.02 தடவை வண்டு. இடப்பக்கத்தை ஒரு முழுச் சுற்றுக்குத் தொகையிட்டால் எண்ணிக்கையின் இயற்கை மடக்கையில் வந்த மாற்றம் கிடைக்கும், ஆனால் சுற்று முடிந்ததும் எண்ணிக்கை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவதால் அது பூச்சியம். ஆகவே வலப்பக்கத் தொகையும் பூச்சியம், வண்டின் இடை 0.6ஐ 0.02ஆல் பிரித்தது, 30. வண்டின் சமன்பாட்டில் இதையே செய்தால் பூச்சியின் இடை 300. கொப்பியில் ஒருக்கா போட்டுப் பாருங்கள், அவ்வளவு லேசாக வருவதைப் பார்க்க ஒரு சந்தோசம்தான். டான்கோனாவின் சந்தைக் கணக்கும் வருடக் கணக்கு, அதனால்தான் வோல்ட்டெரா இடையைப் பிடித்தார்.

எங்கள் அப்பா தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். "வண்டுக்கு மருந்து போட்டான்கள், புழு வந்துவிட்டது" என்று அடிக்கடி சொல்வார். அது எந்தக் கதை? (தலவாக்கலை)

அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் இந்தக் கதை நன்றாகத் தெரியும்.

டொட்ரிக்ஸ் என்ற புழு இரண்டு மூன்று இலையை நூலால் ஒட்டிச் சுருட்டி, அந்தக் கூட்டுக்குள் இருந்துகொண்டே கொழுந்தைத் தின்னும். ஒரு காலத்தில் மலை மலையாக நாசம் செய்தது. 1935, 36 வாக்கில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒரு மெல்லிய குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்து தின்று வெளியே வரும். கேட்கவே கூசும், ஆனால் குளவி மலையெல்லாம் பரவிப் புழு அடங்கிவிட்டது.

பிறகு 1950களில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் ஷொட் ஹோல் போரர் என்ற சின்ன வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். போரர் தண்டுக்குள் இருக்கிறது, புழு சுருட்டிய இலைக்குள் இருக்கிறது. வெளியே பறந்து திரிந்த குளவிதான் முதலில் மாட்டியது. அடங்கிக் கிடந்த டொட்ரிக்ஸ் மறுபடி கிளம்பியது. உங்கள் அப்பா மலையில் நின்று பார்த்தது அதைத்தான்.

இதே மாதிரி ஒன்று கலிபோர்னியாவிலும் உண்டு. தோடம்பழத் தோட்டங்களை அழித்த ஒரு செதில் பூச்சியை ஒழிக்க 1888இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வெடாலியா என்ற பொறிவண்டைக் கொண்டுபோனார்கள், ஓரிரு வருடத்தில் பூச்சி ஓய்ந்தது, 1940களில் டி.டி.டி. என்ற பூச்சிமருந்து வந்தபோது வண்டு செத்துப் பூச்சி திரும்பியது. வோல்ட்டெராவின் சமன்பாடு புத்தகத்தில் வந்து இருபது வருடம் ஆகியிருந்த நேரம் அது. படித்திருக்க வேண்டியவர்கள் படிக்கவில்லை.

அப்படியானால் வண்டைத் தொடாமல் பூச்சியை மட்டும் கொல்லும் மருந்து அடித்தால் பிரச்சினை தீர்ந்ததுதானே? (பண்டாரவளை)

தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன், கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை. பூச்சியிலிருந்து மட்டும் 0.2 எடுங்கள். வண்டு 30இலிருந்து 20க்கு இறங்கும். பூச்சி? அதே 300. ஒரு பூச்சிகூடக் குறையாது! ஏனென்றால் பூச்சியின் இடையைத் தீர்மானிப்பது வண்டின் எண்கள், அவற்றை நீங்கள் தொடவே இல்லை. மருந்து கொன்ற அளவுக்கு வண்டு தின்பது குறைந்துபோகிறது, அவ்வளவுதான். மறுபக்கமும் இதே பைத்தியக்காரத்தனம்தான், வண்டை மட்டும் கொன்றால் வண்டின் இடை மாறாது, பூச்சி கூடும்.

ஆனால் இதை அப்படியே வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். இந்தச் சமன்பாட்டில் பூச்சிக்கு இடநெருக்கடி கிடையாது, வண்டின் வயிறு நிறைவதும் கிடையாது, எத்தனை பூச்சி வைத்தாலும் தின்றுகொண்டே இருக்கும். உண்மையான வண்டுக்கு வயிறு நிறையும். கனடாவைச் சேர்ந்த உயிரியலாளர் ஹொலிங் 1959இல் இந்த வயிற்றுக் கணக்கைச் சேர்த்தார், சேர்த்ததும் படம் நிறைய மாறிவிட்டது. அதோடு மேலே சொன்னதெல்லாம் நீண்ட கால இடை, உங்களுக்கோ அறுவடைக்கு முந்திய மூன்று கிழமைதான் முக்கியம். அந்த மூன்று கிழமைக்கு இப்படிப்பட்ட மருந்து நிச்சயம் உதவும். இரண்டையும் கொல்லும் மருந்தோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல், 500க்குப் பதில் 300.

இதையெல்லாம் யாராவது கண்ணால் பார்த்துச் சோதித்திருக்கிறார்களா, இல்லை தாளில் மட்டும்தானா? (வெலிமடை, ஆசிரியர்)

சோதித்தார்கள், முதலில் தோற்றார்கள். 1930களில் மொஸ்கோவில் கவுஸே என்ற உயிரியலாளர் ஒரு குழாய்க்குள் இரண்டு வகை நுண்ணுயிர்களை விட்டார், ஒன்று மற்றதை ஒன்று விடாமல் தின்று முடித்துப் பிறகு பட்டினியில் தானும் செத்தது. அலையாவது சுற்றாவது!

1958இல் ஹஃபேக்கர் என்ற ஆய்வாளர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. தட்டுகளில் தோடம்பழங்களை அடுக்கி, அதில் ஒரு வகைச் சிற்றுண்ணியையும் அதைத் தின்னும் இன்னொரு வகைச் சிற்றுண்ணியையும் விட்டார். சும்மா விட்டபோது கவுஸேயின் கதைதான். பிறகு வழியில் வாசலின் பூசித் தடுப்புகள் வைத்தார், இரையான உண்ணி நூல் விட்டுக் காற்றில் பறந்துபோகச் சின்னச் சின்னக் குச்சிகளும் நட்டார். தின்னி வந்து சேர்வதற்குள் இரை அடுத்த பழத்துக்குத் தப்பிவிடும். அப்போது மூன்று அலை ஏறி இறங்கியது, அதன் பிறகு முடிந்தது. ஆகவே சார், வகுப்பில் சொல்வதானால் சமன்பாட்டோடு ஒளிய இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மரக்கறிக்காரர்கள் வரப்போரத்தில் பூத்துக் கிடக்கும் கடுகையும் மல்லியையும் ஒரேயடியாகச் செதுக்காமல் விட்டால் வண்டுக்கும் குளவிக்கும் அப்படி ஒரு இடம் கிடைக்கும்.

எங்கள் பக்கத்து நீர்த்தேக்கத்தில் வருடத்துக்கு இத்தனை கிலோ என்று அளவு வைத்து மீன்பிடித்தால் மீன் குறையாது என்று ஒருவர் சொல்கிறார். வலையின் எண்ணிக்கைக்கு அளவு வைப்பதுதான் நல்லது என்கிறார் இன்னொருவர். எது சரி? (மஸ்கெலியா)

இரண்டாமவர்.

தின்னியை ஒரு பக்கம் வைத்துவிட்டுத் திலாப்பியாவை மட்டும் பார்ப்போம். குளம் ஆகக்கூடியது 8000 கிலோ மீனைத் தாங்கும், இடம் தாராளமாக இருக்கும்போது மீன் வருடத்துக்கு 0.5 வீதத்தில் பெருகும் என்று வையுங்கள் (இதுவும் என் எண்தான்). மீன் பாதியில், அதாவது 4000இல் நிற்கும்போதுதான் வளர்ச்சி உச்சம், வருடத்துக்கு 1000 கிலோ. அந்த ஆயிரத்தையே அளவாக வைத்தீர்கள், கணக்கு அழகாக இருக்கிறது. ஒரு வருடம் மழை பொய்த்து மீன் 3500 ஆனது. இப்போது வளர்ச்சி 984, நீங்கள் எடுப்பது ஆயிரம். 16 கிலோ நட்டம்தானே, யார் கவனிப்பார்? அடுத்த வருடம் கொஞ்சம் கூட, அதற்கடுத்து இன்னும் கூட, 2000க்கு வந்தால் வளர்ச்சி 750, நட்டம் 250. வழுக்குப் பாறையில் கால் வைத்த மாதிரி, தொடங்கினால் நிற்காது.

வலைக்கு அளவு வைத்தால் எடுப்பது இருப்பதில் ஒரு பங்கு. கால்வாசி எடுக்கும் அளவுக்கு வலை என்றால் 4000இல் அதே ஆயிரம் கிடைக்கும், 3500இல் 875தான் வரும், வளர்ச்சி 984, மீன் தானாக மீளும்.

ஒரு எச்சரிக்கை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கிப் பழைய மஸ்கெலியாக் கோயில் வெளியே தெரிகிற வருடங்களில் மீன் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். அப்போது அதே வலை கால்வாசிக்குப் பதில் பாதியை அள்ளிவிடும். அந்த மாதங்களில் வலையைக் குறைக்க வேண்டும், கணக்கு அதைத்தான் சொல்கிறது. தின்னி மீனான விராலும் இருக்கிற குளம் என்றால் ஃபியூமே கதையும் சேரும், கண்டபடி அள்ளினால் முதலில் குறைவது விரால்தான்.

காட்டுப்பன்றி மரக்கறியையும் கிழங்கையும் விடுவதில்லை. சிலர் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள், அதில் சிறுத்தை மாட்டுகிறது. சிறுத்தையும் போய் பன்றியும் போனால் தோட்டத்துக்கு நல்லதுதானே என்று லயத்தில் ஒரு பேச்சு. உங்கள் கணக்கு என்ன சொல்கிறது? (நோர்வூட்)

இந்தக் கேள்விக்குக் கணக்கு அரைப் பதில்தான் தரும். சிறுத்தை பன்றியை மட்டும் நம்பி வாழ்கிற உயிர் இல்லை, மான், மரை, முள்ளம்பன்றி, ஏன், லயத்து நாயையும் பிடிக்கும். ஆகவே இரண்டே உயிர் வைத்த சமன்பாட்டை இங்கே கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது.

ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லலாம். சுருக்கு என்பது மருந்து டேங்க் மாதிரிதான், யார் கழுத்து என்று பார்க்காது. பன்றி ஒரு ஈற்றில் நாலைந்து குட்டி போடும், போனதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். சிறுத்தை ஒன்றிரண்டு குட்டி போட்டு, அதையும் ஒன்றரை வருடம் கூடவே வைத்து வளர்க்கும். இரண்டிலும் ஒரே பங்கை எடுத்தால் யார் மிஞ்சுவார் என்பதற்குச் சமன்பாடே தேவையில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை ஞாபகம் இருக்கும், உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்துவிட்டது. பன்றி இன்னும் கிழங்கு தோண்டிக்கொண்டுதான் இருக்கிறது.

பன்றிக்கு உறுதியான வேலிதான் வழி, செலவு கூட என்பது தெரியும், நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே வேலியாகப் போட்டால் தலைக்குச் சுமை குறையும். தேயிலைக்கு நடுவில் சுருக்கைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். ஏதாவது மாட்டியிருந்தால் கிட்டப் போக வேண்டாம், கூட்டம் கூட்ட வேண்டாம், போனைத் தூக்கிக்கொண்டு படமெடுக்க ஓடும் பிள்ளைகளை முதலில் லயத்துக்குள் அனுப்புங்கள்.